‘தொடாதே’ என்று எழுதிய வரி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர். யார் கணினி நிரலைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “பூட்டு போட்டாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நிரலுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் த்ரெட் என்போம். இரண்டு த்ரெட் ஒரே இடத்தில் கைவைத்தால் குளறுபடிதான். ஒன்று முடிக்கும்வரை மற்றதை வெளியே நிறுத்துவதுதான் பூட்டு. வீட்டிலும் இதே கதை. கதவைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கியவள், திரும்ப ஏறிப்போய் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். பூட்டைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால்தான் அடங்குவாள் என்பார், பஸ் ஓட்டுகிற அவள் கணவர்.

நான் அவளுக்கு எதிர் மேசை. மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை, அதனால் பூட்டில்லாத நிரல்களால் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு.

அது மருத்துவமனை வார்டுக்கான நிரல், சி மொழியில் எழுதியது. பன்னிரண்டு படுக்கை, படுக்கைக்கு ஒரு த்ரெட். நோயாளிகளின் நாடித்துடிப்பு நர்ஸ் மேசைத் திரையில் தெரியும். வாரத்துக்கு ஒரு தரம் நிரல் அப்படியே படுத்துவிடும். காரணம் தேடிய ஒருவர், நடுவில் எண்ணை அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தார். அன்றிலிருந்து படுப்பது நின்றது. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வரிக்கு மேலே ‘தொடாதே’ என்று எழுதி, இரண்டு வார்டுகளில் பொருத்தியும் விட்டார்கள். படித்தவர்கள் செய்கிற காரியமா இது?

அடுத்து முப்பது வார்டுகள். ‘தயார்’ என்ற படிவத்தில் வெள்ளிக்கிழமைக்குள் அவள் கையெழுத்து வேண்டும். அவள் முடியாது என்றாள். அந்த வரி த்ரெட்டுகளைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான், கோளாறு உள்ளேயேதான் இருக்கிறது என்றாள். கையெழுத்து வராவிட்டால் குழுவில் இடமிருக்காது என்று மேலாளர் சுற்றி வளைத்துச் சொன்னார். பதினொரு வருஷம் உழைத்தவளிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ மூன்று நாள் மட்டும் கேட்டு வாங்கினாள்.

ஒன்றாம் படுக்கைக்கு எப்போதும் 61, இரண்டாம் படுக்கைக்கு 62 என்று பொய் எண்களைக் கொடுத்து நிரலை ஓடவிட்டோம். அந்த வரியைத் தொடவில்லை. இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை, 67 இருக்க வேண்டிய ஏழாம் படுக்கையில் 64 வந்து போனது.

அதைப் பிடித்துக்கொண்டே போனாள். எண்ணை எழுத்தாக மாற்றும் பகுதி, விடையை வைக்கப் பன்னிரண்டு த்ரெட்டுக்கும் ஒரே இடத்தைக் கொடுத்திருந்தது. ஒன்று எழுதியதை எடுப்பதற்குள் இன்னொன்று அதன்மேல் எழுதிவிடுகிறது. பாதியில் மோதினால் நிரல் படுக்கும், முழுக்க எழுதிவிட்டால் வேறு படுக்கையின் எண் வரும். பூட்டும் இல்லை. எழுதியது யார் என்று பதிவேட்டில் பார்த்தால், பூட்டம்மாவேதான், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அவள் முகத்தில் ஈயாடவில்லை. சத்தமில்லாமல் திருத்திவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், இப்போதுதான் நிரல் விழுவதே இல்லையே என்றார் மேலாளர்.

“விழுந்தா நர்ஸ் ஓடிவந்து பார்ப்பாங்க சார். விழாம இருந்து, நாலாம் படுக்கைக்காரரோட துடிப்பை ஏழாம் படுக்கையில காட்டினா யாரு பார்ப்பாங்க?”

கோளாறு எங்கே என்று காட்டினாள். யார் எழுதிய பகுதி என்று மேலாளர் கேட்டார்.

“நான் எழுதினது.”

படிவத்தை இழுத்து ‘தயார்’ என்பதை அடித்தாள். ‘தயாரில்லை. தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு வார்டுகளுக்கும் காலையிலேயே போன் செய்து, திரையை நம்ப வேண்டாம், நேரில் பாருங்கள் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

மேலாளரின் மூக்கு சிவந்தது. “யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“பூட்டு போடாம விட்டப்ப யாரையும் கேக்கல சார். இதுக்கு மட்டும் கேக்கணுமா?”

எழுந்து தன் மேசைக்குப் போனாள். வேலை இருக்குமா போகுமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் முதலில் அந்த ‘தொடாதே’ வரியை அழித்தாள்.