வாட்டம் தப்பிய சந்து

ரூபீனா இருபத்திரண்டு வருஷமாகச் சென்னைத் தெருக்களை வரைந்துகொண்டிருந்தாள். அவள் கால் பதித்த தெருக்களைவிடக் கை வரைந்த தெருக்கள்தான் அதிகம். மீர்சாகிப்பேட்டையில் பிறந்தவள். அப்பாவுக்கு ஜாம்பஜாரில் முட்டை மொத்த வியாபாரம். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து முடித்தபோது அவளுக்குக் கட்டட வேலை நடக்கிற இடத்தில் நின்று வேலை வாங்க வேண்டும் என்றுதான் ஆசை. வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. வெயிலில் ஆம்பிளைகளோடு என்ன வேலை என்றார்கள். அதனால் மேஜையும் மின்விசிறியும் உள்ள வேலையாகப் பார்த்து, அடையாறில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் வரைவாளராகச் சேர்ந்தாள். முதலில் ட்ரேசிங் பேப்பரும் மைப் பேனாவும், அப்புறம் கம்ப்யூட்டர். கல்யாணம் ஆனது, மகள் சிம்ரா பிறந்தாள், கணவர் இனாயத்துக்குத் தலை நரைத்தது. மேஜை மட்டும் அதே மேஜை.

அவள் வேலை சுத்தம் என்று அலுவலகத்தில் பேர். கோடு கோணாது, எண் தப்பாது. யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை என்பதும் அந்தப் பேரில் சேர்த்திதான்.

ஒரு வருஷம் மழையில் நகரமே நீந்தியது. மறு வருஷம் எங்கே திரும்பினாலும் மழைநீர் வடிகால் வேலை. அவள் அலுவலகத்துக்கு மயிலாப்பூரில் பதினான்கு தெருக்கள் வந்தன. அளவெடுப்பவர்கள் தெருவின் மேடு பள்ளங்களை அளந்து எண்களாக அனுப்புவார்கள். வடிவமைப்பு இன்ஜினியர் பாரத் எந்தப் பக்கம் தண்ணீர் போக வேண்டும் என்று முடிவு செய்வான். ரூபீனா அதைப் படமாக்குவாள். பாரத்துக்கு முப்பது வயதுதான் இருக்கும். கெட்டவன் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவனாகச் செய்துகொண்டிருந்தான்.

பதினான்கில் ஒன்று ஏணிக்காரர் சந்து. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி முடிகிற குறுகலான சந்து. அதை வரையும்போது ரூபீனாவுக்குக் கை நின்றது. சந்தின் வாட்டம் இயல்பாகவே கால்வாயைப் பார்த்துச் சரிந்திருந்தது. ஆனால் அந்த முனையில் வீட்டுச் சுவர்கள் நெருக்கமாக இருந்ததால் இயந்திரம் நுழையாது என்று, தண்ணீரை எதிர்ப்பக்கம் பெரிய தெருவுக்குத் திருப்பியிருந்தார்கள். பெரிய தெரு வடிகாலின் அடிமட்டமோ சந்து வடிகாலின் அடிமட்டத்தைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. தண்ணீர் மேட்டில் ஏறாது. இதற்குப் படிப்பு வேண்டாம்.

பாரத்திடம் காட்டினாள். அவன் திரையைப் பார்த்துவிட்டு, "வேலை நடக்கும்போது சரி பண்ணிப்பாங்க மேடம்" என்றான்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை இனாயத்திடம் மயிலாப்பூர் வரை போய்வருவதாகச் சொல்லிவிட்டு, ஓர் அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மெட்ரோ வேலைக்காக அடித்திருந்த தகரத் தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி நடந்து சந்தைக் கண்டுபிடிப்பதற்குள் வியர்த்து விறுவிறுத்துவிட்டது. தான் வரைந்த ஒரு தெருவுக்குள் வேலையாக நுழைவது அதுதான் முதல் தடவை. படத்தில் நாலு கோடாக இருந்த சந்தில் துணி காய்ந்தது, குக்கர் விசில் அடித்தது.

பள்ளத்து முனையில் கெங்கம்மா இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவர் மண்ணாங்கட்டி. எழுபதை நெருங்கிய மனிதர், காலம் முழுக்கச் சாக்கடை தூர் வாரியவர்.

"இன்னாமா, ஊடு பாக்க வந்தியா?"

"இல்லண்ணா. இந்தச் சந்துக்கு வடிகால் வருது. நான்தான் படம் போடறேன். இங்க மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா கெங்கா? படம் போடறவங்க நேர்ல வந்துகினு கேக்கறாங்க." அவருக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சந்தின் கடைசிச் சுவரோரம் அவளைக் கூட்டிப்போனார். அங்கே தரையில் பதிந்திருந்த கருங்கல் பலகையைச் செருப்புக் காலால் தட்டினார்.

"இத்துக்குக் கீய செங்கல் சாக்கடை ஒண்ணு கீது. வெள்ளக்காரன் காலத்துது. வளைவு வச்சுக் கட்டிக்கிறான். நானே உள்ள பூந்து தூர் வாரிக்கிறேன். நேரா கால்வாய்ல போய் வுயும். எம்மாம் மழை பேஞ்சாலும் இந்தச் சந்துல முட்டிக்கு மேல தண்ணி ஏறினதில்ல."

கல்லின் இடுக்கில் காதை வைத்தால் தண்ணீர் ஓடுவது கேட்டது. ரூபீனா ஒரு குச்சியை இறக்கி ஆழம் பார்த்தாள், அகலத்தை நாடாவால் அளந்தாள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கெங்கம்மா டீ வாங்கிக் கொடுத்தாள்.

"படத்துல போட்டுடறேன்ணா."

"போட்டுடுமா. படத்துல இல்லாதத இப்பல்லாம் யாரு கண்டுக்கறா?" என்றார் மண்ணாங்கட்டி.

திங்கள்கிழமை அவள் அந்தப் பழைய வடிகாலைப் புள்ளிக் கோடாக வரைந்தாள். பக்கத்தில் ஆழமும் அகலமும் குறித்தாள். வரைந்து முடித்ததும் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருபத்திரண்டு வருஷத்தில் ஏற்பட்டதில்லை. இது தானே போய்க் கண்டுபிடித்து வந்த கோடு.

வியாழக்கிழமை மாலை பாரத் வந்து அவள் மேஜையருகில் நின்றான்.

"மேடம், இந்தக் கோடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான் நேர்ல போய்ப் பார்த்தேன்."

"நம்ம சர்வேல இல்லையே. இதைக் காட்டினா, எங்க ஆரம்பிக்குது, இப்பவும் ஓடுதா, எல்லாம் கேப்பாங்க. மறுபடியும் அளக்கணும். நாளைக்குக் கார்ப்பரேஷனுக்குப் படம் போயாகணும். எடுத்துடுங்க."

"எடுத்துட்டா புது வடிகால் அதை அடைச்சிடும் சார்."

"தோண்டும்போது கண்ணுல படும்ல? அப்பப் பார்த்துப்பாங்க."

இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவன் வேலையைவிட்டு நீக்கியிருக்கப் போவதில்லை. முணுமுணுத்துவிட்டு மேலே யாரையாவது கேட்டிருப்பான். பிறகு எத்தனையோ தடவை அந்த மாலையை நினைத்துப் பார்த்தபோதெல்லாம் அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அன்றைக்குப் பழக்கம் முந்திக்கொண்டது. பழைய படத்தை வேறு பெயரில் சேமித்து வைத்தாள், அதுவும் பழக்கம்தான். பிறகு புள்ளிக் கோட்டைத் தேர்ந்து ஒரு விசையைத் தட்டினாள். கோடு போய்விட்டது. படத்தின் கீழ் மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில், எப்போதும்போல அவள் பெயர் இருந்தது.

அடுத்த கோடையில் சந்தில் வேலை நடந்தது. இயந்திரம் நுழையாத கடைசி முனையில் ஆட்கள் தோண்டியபோது கடப்பாரையில் செங்கல் பட்டது. படத்தில் எதுவும் இல்லாததால் பாழடைந்த சாக்கடை என்று எண்ணி, அதன் வாயில் கான்கிரீட்டைக் கொட்டி மூடினார்கள். இதெல்லாம் ரூபீனாவுக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள அவள் போகவில்லை. மயிலாப்பூரில் வேறு வேலையாகப் போகும்போதும் அந்தப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவாள். தோண்டும்போது யாராவது பார்த்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

டிசம்பரில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. மின்சாரம் போய், வந்து, கைப்பேசிகளில் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்தபோது, சிம்ரா ஒன்றைக் காட்டினாள். ஒரு குறுகிய சந்தில் இடுப்பளவு கறுத்த தண்ணீர். அதில் இஸ்திரி வண்டி ஒன்று கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. ரூபீனா கைப்பேசியை வாங்கி மறுபடி பார்த்தாள். வீடுகளின் வரிசையை வைத்தே தெரிந்துவிட்டது.

நான்காம் நாள் அங்கே போனாள். பெரிய தெரு காய்ந்து கிடந்தது. சந்தில் மட்டும் தொடையளவு தண்ணீர் அசையாமல் நின்றது. பெரிய தெரு முனை வீட்டுப் படியில் கெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ரூபீனாவை அடையாளம் தெரிந்தது.

"நீ அந்தப் படம் போடற பொண்ணுதானே? அவரு ஆஸ்பத்திரில கீறாரும்மா."

ரெண்டாம் நாள் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதும், மண்ணாங்கட்டி கடப்பாரையை எடுத்துக்கொண்டு சந்தின் கடைசிக்குப் போயிருக்கிறார். பழைய சாக்கடை இருந்த இடம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கான்கிரீட்டைக் குத்தியிருக்கிறார். உடையவில்லை. ஏதோ கம்பி காலைக் கிழித்தது. சர்க்கரை வியாதிக்காரர், வலி தெரியவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. மறுநாள் கால் கறுத்து வீங்கியதும்தான் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

"சந்தே உன்னத் திட்டுச்சு, தெரியுமா?" என்றாள் கெங்கம்மா. "இவரு ஒத்துக்கல. 'அந்தப் பொண்ணு எம் முன்னால அளந்துச்சு. கண்டிப்பாப் படத்துல போட்டிருக்கும். கட்டினவனுங்கதான் பாக்கல'ன்னு எல்லார்கிட்டயும் சண்ட. தோண்டறப்பவும் அவங்களாண்ட போய், 'ஒயுங்காப் படத்தப் பாருங்கய்யா, அதுல கீது'ன்னு மல்லுக்கு நின்னாரு. அவங்க விரிச்சுக் காட்னாங்க. அதுல இல்ல. 'இது வேற படம்'னுட்டு வந்துட்டாரு."

ரூபீனாவால் அங்கே உண்மையைச் சொல்ல முடியவில்லை. கெங்கம்மாவின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டு வாரத்தில் மண்ணாங்கட்டியின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் ரூபீனா சமைக்கவில்லை. இனாயத் என்னவென்று கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "பழைய படம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது.

அதையும் அலுவலகம் அனுப்பிய படத்தையும் அச்செடுத்துக்கொண்டு, குறை கேட்கும் நாளில் மாநகராட்சியின் வார்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த இன்ஜினியர் ரத்னா என்கிற பெண். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டை யார் எடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம்" என்றாள் ரூபீனா. யார் சொல்லி என்று அந்தம்மா கேட்டார். அதற்கு ரூபீனா, "சொன்னாங்க. ஆனா எடுத்தது நான்" என்றாள்.

அடுத்த மாதமே அலுவலகத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாரத் அவளைத் திட்டவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

சந்தைத் திரும்பத் தோண்டி, புது வடிகாலின் சுவரைத் துளைத்து, பழைய செங்கல் வடிகாலோடு சேர்த்துத் தூர் வாரி முடிக்க செப்டம்பர் ஆகிவிட்டது. ரத்னா விடாமல் பின்னால் நின்றதால் அதுவாவது நடந்தது. அந்த நவம்பரில் முதல் பெருமழை பெய்த மத்தியானம் ரூபீனா குடையோடு போய் நின்று பார்த்தாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. ஒரு மணி நேரத்தில் தரை தெரிந்தது. கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் அந்தச் சந்தில் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டுவதாகச் சொல்லிவிட்டார். இஸ்திரி வண்டியும் போய்விட்டது. புருஷனும் பெண்சாதியும் ஆதம்பாக்கத்தில் மகள் காவேரி வீட்டில் இருந்தார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாடி ஏறிய நாளிலிருந்து மண்ணாங்கட்டி தெருவில் இறங்கவில்லை.

ரூபீனா போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் மலர்ந்தது. "வாம்மா. கெங்கா, படம் போடற பொண்ணு வந்துகிது பாரு." அவள் வீடியோவைக் காட்டினாள். அவர் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். தண்ணீர் இறங்குகிற இடத்தில் விரலை வைத்து, "நான் சொன்னேன்ல? எப்டி வாங்குது பாரு!" என்று குழந்தைபோலச் சிரித்தார்.

கெங்கம்மா டீ போட உள்ளே போனாள். அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ரூபீனாவால் முடியவில்லை.

"அண்ணா, நான் அதைப் படத்துல போட்டேன். அப்புறம் எடுத்துடச் சொன்னாங்க. நானே என் கையால அழிச்சிட்டேன். கட்டினவங்க மேல தப்பில்ல. அவங்க கைக்குப் போன படத்துல அது இல்ல."

மண்ணாங்கட்டி கைப்பேசியை மெதுவாக அவளிடம் திருப்பிக் கொடுத்தார். வெளியே எங்கோ விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று.

"அழிக்கறப்ப என்னிய நெனச்சுக்கினியாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நெனச்சேன்ணா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "என்னிய மறந்துட்டு அழிச்சிருந்தா தேவலாம்மா" என்றார். அவ்வளவுதான். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெங்கம்மா டீயோடு வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரூபீனா இப்போது ராயப்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு வீட்டுப் படங்கள் வரைந்து தருகிறாள். எந்த மனையையும் நேரில் பார்க்காமல் அவள் கோடு போடுவதில்லை. அதில் தாமதமாகிறது, சிலருக்கு எரிச்சல் வருகிறது, அவள் கேட்டுக்கொள்வதில்லை.

ஆதம்பாக்கத்துக்கு அதற்குப் பிறகு ஒரு தடவை போனாள். மாடி ஏறிக் கதவைத் தட்டியதும் கெங்கம்மா பாதிக் கதவைத் திறந்து, "அவரு தூங்கறாரும்மா" என்றாள். குரலில் கோபமில்லை. உள்ளே டிவியில் ஒரு சேனல் மாறி இன்னொரு சேனல் வருகிற சத்தம் கேட்டது. ரூபீனா வாங்கிப்போயிருந்த சாத்துக்குடிப் பையை அவள் கையில் கொடுத்தாள். "சரிக்கா, எழுந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.