தெற்கே திருப்பிய பீடம்

தொலைநோக்கி என்றால் எல்லோரும் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை அங்குலம், யார் தேய்த்தது, எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்று. அது எதன்மேல் உட்காருகிறது என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வந்த கேடு முழுக்க அந்த உட்காரும் இடத்தில்தான் வந்தது.

கண்ணாடியை நானே தேய்த்தேன். குழாயைத் தகரத்தில் உருட்டிச் செய்து வாங்கினேன். முதலில் அதை ஒரு முக்காலி மேல் வைத்து, எங்கள் லைன் வீட்டு வாசலில் அப்பாவுக்கு வியாழனைக் காட்டப் பார்த்தேன். அப்பா பனியன் கம்பெனியில் பிளீச்சிங் வேலை. பவுடர் நெடியிலேயே வருஷக்கணக்காக நின்று, கண்ணில் எந்நேரமும் நீர் கோத்திருக்கும். துண்டால் துடைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கண்ணை வைப்பதற்குள் வியாழன் பார்வை வட்டத்தை விட்டுப் போயிருக்கும். பூமி நிற்பதில்லையே. நான் குழாயைத் தள்ளி நிறுத்துவேன். குழாய் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் வியாழன் மறுபடி போய்விடும்.

"தெரியுதுங்களாப்பா?"

"தெரியுது கண்ணு, நல்லாத் தெரியுது. வெள்ளையா, பெருசா."

குழாய் அப்போது எதிர்வரிசைத் தெருவிளக்கின் பக்கம் திரும்பியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. வரை என்னைப் படிக்க வைத்த அப்பா, நான் செய்த கண்ணாடியில் வியாழனையும் அதன் நாலு நிலாவையும் ஒரு தடவையாவது மெய்யாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதற்காகவும் நான் பீடம் தேடி அலையவில்லை.

பீடம் என்று நான் சொல்வது ஆப்பு மாதிரிச் சாய்ந்த ஒரு கட்டை. அந்தச் சாய்வில் ஒரு தண்டு கிடக்கும், குழாய் அதோடு சேர்ந்து சுழலும். வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது. தண்டு அதைப் பார்த்து இருந்தால், ஒரு திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், வியாழன் வட்டத்தின் நடுவிலேயே நிற்கும். ஆற அமரக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கலாம்.

லைப்ரரிப் புத்தகத்தில் இருந்த படங்களெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு ஆனவை. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கிறது. நமக்கோ பெருமாநல்லூர்ப் பக்கத்துப் பனைமரங்களுக்குச் சற்று மேலே, பதினோரு டிகிரியில். அதனால் நம் ஊருக்குத் தண்டு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்க வேண்டும். பாரமெல்லாம் ஒரு பக்கமாகத் தொங்கும். கல்கத்தாக் கடையின் கேட்லாக்கில் பளபளவென்று ஒரு அலுமினியப் பீடம் இருந்தது. எழுதிக் கேட்டேன். அத்தனை தாழ்வாக அது இறங்காது என்று பதில் வந்தது. ஆசாரியிடம் வேப்பமரத்தில் ஒன்று செய்து பார்த்தேன். குழாயை விரலால் தட்டினால் நட்சத்திரம் காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்கியது. கடைசியில் கோயமுத்தூரில் ஒரு வார்ப்புப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இதுல யானையக் கட்டறதுங்களா?"

"நட்சத்திரத்தக் கட்டறதுங்க."

"அது ஓடற சாதியாச்சுங்களே. அப்ப இன்னும் ரெண்டு விரக்கட கனமாவே ஊத்தீரலாங்க."

அப்படியே ஊற்றிக் கொடுத்தார். தட்டினால் தட்டிய விரல்தான் வலித்தது.

ஓட்டு வீட்டில் அதை எங்கே நிறுத்துவது? நான் அப்பா வேலை செய்யும் கம்பெனியிலேயே டெஸ்பாட்ச் கிளார்க். முதலாளி காதுக்கு விஷயம் போய்க் கூப்பிட்டனுப்பினார். "நம்ம கம்பெனி மொட்டை மாடி சும்மாதானே கெடக்குதுங்க தம்பி, அங்கயே வெச்சுக்குங்க. ஆயுத பூஜைக்கு நூல் வியாபாரிங்க எல்லாம் வருவாங்க. அவுங்களுக்கும் காட்டுனீங்கன்னாப் போதும்" என்றார். எனக்குச் சம்பளம் கொடுப்பவர், என் அப்பாவுக்கும் கொடுப்பவர், என்னை 'வாங்க, போங்க' என்றது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் கோடு கிழித்து, வடக்கு முனை உயர்ந்திருக்க, போல்ட் வைத்துச் சிமெண்டில் பீடத்தை நிறுத்தினேன். வீட்டில் அப்பாவிடம் விளக்கமாகச் சொல்லி வைத்தேன். நடுவில் வரி போட்ட ஒரு உருண்டை, அதற்கு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நாலு பொட்டு.

"நாலா? மறக்க மாட்டேன் கண்ணு."

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நானும் அப்பாவும் குழாயைத் தோளில் சுமந்து மாடி ஏறினோம். பீடத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். உயர்ந்த முனை தெற்கே பார்த்து நின்றது. அடியில் புதுச் சிமெண்ட் கல்லாக இறுகியிருந்தது.

முதலாளி சிரித்த முகமாகவே சொன்னார். "மனையடி பாக்கறவரு வந்திருந்தாருங்க. வடக்கு ஒசந்து தெக்கு தாந்தா ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு ஒரே புடியா நின்னுட்டாரு. அதான் கொத்தனார உட்டுத் திருப்பி வெக்கச் சொன்னனுங்க."

"இப்படி வெச்சா நிக்காதுங்க. வியாழன் நழுவிரும். சிமெண்ட்ட மட்டும் ஒடைக்க உட்டீங்கன்னா…"

"நல்ல நாளும் அதுவுமா ஒடைக்கறதுங்களா? இரும்புதானுங்களே தம்பி, எந்தப் பக்கம் இருந்தா என்ன? படிச்சவரு நீங்க, சமாளிச்சுக்குவீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இருட்டியதும் வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள். திருகைத் திருப்பத் திருப்ப வியாழன் குறுக்காக நழுவிக்கொண்டே போனது. ஒவ்வொருவருக்கும் ஒருமுறை குழாயைக் கையால் இழுத்து நிறுத்தினேன். அவர்களுக்கு நல்ல கண். வைத்ததும் பார்த்தார்கள், "அடேயப்பா" என்றார்கள், சுண்டல் வாங்கிக்கொண்டு கீழே போனார்கள். பீடம் மட்டும் இம்மியும் ஆடவில்லை. அத்தனை உறுதியாகத் தப்பான திசையைப் பார்த்து நின்றது.

வேலையாட்களைக் கடைசியில் விட்டார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். முதலாளி பக்கத்திலேயே நின்றார். நான் வியாழனை நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். அன்றைக்கு மூன்று நிலாக்கள்தான். ஒன்று வியாழனுக்குப் பின்னால் போயிருந்தது. அப்பா கண்ணைத் துடைத்தார், குனிந்தார், நிமிர்ந்து மறுபடி துடைத்தார். திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். இந்நேரம் வட்டம் காலியாகியிருக்கும் என்று என் கைக்கே தெரிந்தது.

"ஏப்பா, தெரியுதா?" என்றார் முதலாளி.

"தெரியுதுங்க சாமி. உருண்டையா, வரி போட்டு. பக்கத்துல நாலு பொட்டு. ஒரே கோட்டுல."

முதலாளி என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா தம்பி? உங்கப்பனுக்கே தெரியுது. சாஸ்திரப்படி வெச்சும் தெரியாமயா போயிருச்சு? அது பாட்டுக்கு அப்படியே இருக்கட்டுமுங்க."

அதற்குமேல் நான் என்ன பேசுவது? அப்பாவைப் பொய்யர் என்று சொல்லித்தான் பேச வேண்டும்.

திரும்பி வரும்போது குழாயின் முன்பக்கம் அப்பா, பின்பக்கம் நான். வேலம்பாளையம் ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மெய்யாலுமே பாத்தீங்களாப்பா?"

"மொதலாளி பக்கத்துல நின்னுட்டுக் கேக்கறாரு. பையன் வெச்ச சாமானத்துல ஒண்ணுந் தெரியலீன்னு நான் எப்படிச் சொல்றது?"

"இன்னிக்கு மூணுதானுங்கப்பா இருந்துது."

அப்பா நடையை நிறுத்தினார். குழாயை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அந்தப் பீடம் இன்னமும் தெற்கே பார்த்தபடி மாடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். இந்த வருஷமும் பூஜைக்குக் குழாயைக் கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார் முதலாளி. முடியாது என்று சொல்லிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டாருன்னாக் கொண்டுபோவோணுமல்ல? இந்த வாட்டி எத்தன பொட்டுன்னு மட்டும் மாடி ஏறறதுக்கு முன்னாடியே சொல்லீரு கண்ணு."