செஞ்சிக் கோட்டைப் படியில் என் காதுக்கு நடந்த பரிசோதனை

இரண்டு காதும் கேட்காமல் போன எனக்கு, அறுவை சிகிச்சை செய்து வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்து இந்த ஜனவரியோடு ஒரு வருடம். அதைக் கொண்டாட, மனைவி கலாவின் ஊரான அவலூர்பேட்டைக்குப் போகும் வழியில் செஞ்சிக் கோட்டை ஏறலாம் என்று முடிவானது. முடிவும் என்னுடையது, முழங்கால் வலியும் என்னுடையது.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40 பேருந்து, சுமார் 120 கி.மீ., 8.50க்குச் செஞ்சி. இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். கோட்டை வாசல் 2 கி.மீ., 80 ரூபாய். சிங்கவரத்துக்காரரான ஓட்டுநர், என் தலையில் ஒட்டியிருந்த வட்டத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னா சார் அது, புது மாடல் புளூடூத்தா?”

காது கேட்பதற்கான கருவி என்றேன். உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். “இன்னா சொன்னேன், சொல்லுங்க பாக்கலாம்?”

“மேல கொரங்கு இருக்குது, பைய பாத்துக்கோன்னு.”

“பாஸ் சார் நீங்க!”

இந்தக் கருவியைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த நிமிடமே காது டாக்டர் ஆகிவிடுகிறார்கள். வீட்டில் கலாவும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, “ஏங்க, கேஸ மூடுனீங்களா?” என்பாள். நாளுக்கு நாள் குரலைக் குறைப்பாள். ஒரு வருடமாக அதை வெறும் நச்சரிப்பு என்றே நினைத்திருந்தேன்.

நுழைவுச்சீட்டு ஆளுக்கு 25 ரூபாய். 9.30க்குக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறத் தொடங்கினோம். 10.40க்கு, உச்சிக்கு முன்னால் வரும் மரப்பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. பத்துப் படி பின்னால் கலா, “ஏங்க, தண்ணி வேணுமா?” என்றாள். பதில் சொல்லக்கூட மூச்சில்லை. காதில் விழாதவன்போல முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு போனில் அவள் அண்ணனிடம் பேசுவது கேட்டது.

“அண்ணா, கூப்புட்டா திரும்பவே மாட்றாரு. பயமா இருக்குது. ஆபரேசன் நடக்கறப்பவே டெஸ்ட் பண்ணி, காதுக்குள்ள வச்ச எலக்ட்ரோடுல நாலுக்கு நரம்பு பதில் தரலன்னாங்க. அத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது, போகப்போக நல்லா கேக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. எனக்குத்தான் மனசு ஆறல. அவருகிட்ட சொல்லாம, தெனம் பின்னால நின்னு கூப்ட்டு கூப்ட்டு பாத்துனு இருக்கறேன்.”

காற்று வீசிக்கொண்டிருந்தது. அவள் உதடு எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை தவறவில்லை. திரும்பாமலே சொன்னேன்:

“மீதி எலக்ட்ரோடு எல்லாம் நல்லா வேல செய்யுதுன்னு மச்சான்கிட்ட சொல்லு.”

தண்ணீர் பாட்டில் என் முதுகில் வந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். நானும் அழுதேன். அந்த இடைவெளியில் ஒரு குரங்கு எங்கள் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். என்னைப் போன்றவர்கள் கூடுதல் பேட்டரி வைத்திருங்கள், வியர்வையில் கருவி நழுவாமல் கிளிப் போடுங்கள். அறுவை சிகிச்சை அன்று என்ன சொன்னார்கள் என்று வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் தனியாகப் பயப்படுவது பாவம்.

இறங்க ஐம்பது நிமிடம் ஆனது. கலா பின்னால்தான் வந்தாள். நூறு படிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மிக மெல்ல, “ஏங்க” என்றாள்.

“சொல்லு” என்றேன்.

“ஒண்ணுமில்ல” என்றாள்.