இஸ்தோப்புச் சுவரில் விஞ்ஞானம்

பள்ளி முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் மட்டும் கோட்டை விட்டவள் நான். நிவித்திகலப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டே, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, மறுபடி எழுதக் கிளம்பினேன். அந்த ஒரு பாடம் தேறிச் சித்தியானால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை கேட்கலாம். இல்லையென்றால் சாகும்வரை மரம்தான்.

உட்கார்ந்து படிக்க எனக்கு ஏது நேரம்? சமையல், துவையல் எல்லாம் எங்கள் வரிசை வீடான லயத்து வாசலை ஒட்டிய திண்ணையில், இஸ்தோப்பில்தான். அந்தச் சுவரிலேயே கரியால் சொற்களை எழுதி, அர்த்தத்தை என் பாஷையில் பக்கத்தில் போட்டேன். ‘ஆவியுயிர்ப்பு: இலை வழியாக மரம் தண்ணீரை வெளியே விடுவது. உராய்வு: வழுக்காமல் பிடித்து நிறுத்துவது, சரிவில் இது இல்லையென்றால் மண்டை உடையும்.’ வெங்காயம் உரிக்கும்போதே மனப்பாடமானது.

வெளியாட்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று வெளிக்கள உத்தியோகத்தர் ஐயா லயத்துக்கு வந்தார்.

“தோட்டத்துச் செவுத்துல யாரக் கேட்டு கிறுக்கின?”

“கூர ஒழுகுதுன்னு வந்தப்ப ‘ஒங்க வீடு, நீங்களே பாத்துக்கங்க’ன்னீங்களேங்க ஐயா. இப்ப எப்புடிங்க தோட்டத்துச் செவுரு ஆச்சு?”

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது ஆள் விட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். அவசரத்துக்கு ஒரே பூச்சு. பரீட்சையோ நெருங்கிவிட்டது.

அந்த வெளியாட்கள் வந்த அன்று மழை கொட்டியது. மழையில் பால் வெட்டு இல்லை, வீட்டில்தான் இருந்தேன். சாரலில் சுண்ணாம்பு நனைய நனைய, என் சொற்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. வந்த அம்மையார் ஒருவர் நின்று, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். சின்னப் பிள்ளைகளின் கிறுக்கல் என்றார் ஐயா.

எனக்கும் சிங்களம் தெரியும். “அது நான் எழுதியது. படிக்கிறவளும் நான்தான்” என்று அதே பாஷையில் சத்தமாகச் சொன்னேன். லயமே வெளியே வந்து பார்த்தது. இந்த வயதில் படிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலை குனியவில்லை. அவர்கள் போனதும் கரியை எடுத்து, மங்கிய எழுத்துகளின் மேலேயே திரும்ப எழுதினேன்.

பரீட்சையில் சாதாரண சித்திதான், ஆகக் குறைந்த தேர்ச்சிதான் கிடைத்தது. எனக்கு அது போதும். இப்போது பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். சுவரில் மகள் எழுதுகிறாள். சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். எங்கள் பக்கம் மழைக்கா பஞ்சம்?