கொல்லிமலையில் கொஞ்சம் அம்ஹாரிக்

அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்படாத மொழியை ஆராய்கிறவர்களுக்குப் பாதி நேரம் ஆராய்ச்சியில் போகும், மீதி நேரம் அது என்ன என்று சொல்வதில் போகும். என்னைப் போல் இடுப்பில் குழந்தையோடு பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு இது தெரியும்.

நாலு பாஷைக்காரி

கணவருக்கு வேளாண்மைத் துறையில் வேலை. கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊருக்கு மாற்றல். நானும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கையும், அதன் அண்டைவீட்டு குஷிட்டிக் மொழிகளையும் தூக்கிக்கொண்டு மலையேறினேன். மகள் ஜெனிக்கு இரண்டு வயது தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். பயம் போகவில்லை. மாமியார் போனில் கேட்டார்: "உனக்கு நாலு பாஷை, பிள்ளைக்கு ஒண்ணுகூட வரலையே, எல்லாத்தையும் நீயே வச்சுக்கிட்டியா?"

தொண்டை வெடி

அம்ஹாரிக்கில் சில எழுத்துகளைத் தொண்டையை இறுக்கி, மூச்சை நிறுத்தி, 'டக்'கென்று வெடிக்க வேண்டும். கான்வென்ட்டில் சத்தம் போடாமல் இருக்கத்தான் பழக்கினார்கள், இதைப் பழக்கவில்லை. அறைக்குள் 'க்! க்!' என்று பயிற்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் பாப்பாத்தி அக்கா கையில் சோற்று உருண்டையோடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று பார்த்தால், உருண்டையை நீட்டியபடியே நின்றார்: "படிப்போ முள்ளோ, எதுக்கும் இத முழுங்கிருங்க கண்ணு."

மூச்சு

அன்று மதியம், "பால் வேணுமா?" என்றேன். ஜெனி 'ஹ்!' என்று வெடுக்கென மூச்சை உள்ளே இழுத்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும். மலைக்குளிர் நெஞ்சைப் பிடித்துவிட்டது என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. கணவர் நாமக்கல் போயிருந்தார். மரவள்ளி ஏற்றிக் கிளம்பிய வேனை மறித்து, பாப்பாத்தி அக்கா எங்களை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் என் வாயில் ஜெபம்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நெஞ்சில் கருவி வைத்துப் பார்த்தார். சளியே இல்லை. "பிஸ்கெட் வேணுமா கண்ணு?" 'ஹ்!' "ஊசி போடலாமா?" சத்தமே இல்லை, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தியோப்பியாவில் பேச்சுநடுவே 'ஆமாம்' என்பதற்குப் பலர் இப்படித்தான் மூச்சை உள்ளிழுப்பார்கள். ஆய்வுக்காக அங்கே பதிவுசெய்த உரையாடல்கள் எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் நாள் முழுக்க ஓடும். என் மகளுக்கு மூச்சு வாங்கவில்லை; பதில் சொல்லியிருக்கிறாள்! நான் அழுதுகொண்டே இதைச் சொல்லி முடித்ததும் பாப்பாத்தி அக்கா மோவாயில் கைவைத்தார்: "ஏனுங்க, அப்ப எங்க மாமியாருகிட்ட இத்தன வருசமா நான் பேசுனது பூராம் அந்தப் பாசைதானுங்களா?"

நெறியாளர்

அன்றிரவு என் நெறியாளர் பேராசிரியைக்குப் போன் போட்டேன். என் படிப்பால் குழந்தைக்குத் தமிழ் வராமல் போய்விடுமோ என்று குழறினேன். "கேள்வி புரிகிறது, பிடித்ததற்கு மட்டும் சம்மதம் சொல்கிறாள். இனி வார்த்தை தானாக வரும்மா, தூங்கு" என்றார். போனை வைக்கும்முன் சும்மா விடவில்லை: "அவள் களப்பணியை முடித்துவிட்டாள், உன் முதல் அத்தியாயம் எப்போது வரும்?"

'மாட்டேன்' என்று சொல்ல ஜெனிக்கு இன்னும் எந்த மொழியும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை இந்த மலையிலேயே கொடுத்துவைத்த தாய் நான்தான்.