ஒரு கை தூரம்

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பின்னந்தலையைத் தானே வெட்டிக்கொள்கிறான் ஜெரோம். ட்ரிம்மர் தடுமாறுகிறது. முடிச்சூரில் தெருவுக்கு இரண்டு சலூன் உண்டு. அவன் எதிலும் நுழைவதில்லை. கழுத்தில் அடுத்தவர் விரல் பட்டால் உடம்பு விறைத்துவிடும்.

கூடப் படிக்கும் மகேஷுக்கு அது தெரியாது. "இன்னா மச்சான், பின்னால எலி கொறிச்சிருச்சா?"

"ஸ்டைலுடா. உனுக்கு இன்னா தெரியும்?"

பிளஸ் டூ பையன்கள் தோளில் கைபோட்டு நிற்கும் படம் எதிலும் ஜெரோம் இல்லை. எல்லாப் படங்களையும் எடுத்தவன் அவன்தான்.

டியூஷனில் மஹாலட்சுமி அவன் அடிக்கும் ஜோக்குகளுக்காகவே பக்கத்து பெஞ்சுக்கு வருகிறாள். சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போகலாமா என்று அவள் அனுப்பிய மெசேஜுக்கு ஏழு முறை பதில் எழுதி, ஏழு முறையும் அழித்தான்.

"அவ நல்ல பொண்ணுடா. நம்ம கை அவ மேல படக்கூடாது" என்று மகேஷிடம் சொன்னான்.

"ஏன், கையில கிரீஸா கீது?" என்றான் மகேஷ். ஜெரோமும் சேர்ந்து சிரித்தான்.

அவனுக்கு ஒன்பது வயதானபோது, மாடியில் குடியிருந்தவன் கேரம் சொல்லித்தருவதாகக் கூப்பிட்டு, ஓராண்டு பாலியல் தொல்லை கொடுத்தான். பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான். 'நான் ஏன் மறுபடி மறுபடி மாடியேறினேன்?' என்ற கேள்வி மட்டும் ஜெரோமை விட்டுக் காலி செய்யவில்லை.

போன ஜூனில்தான் அம்மா கிறிஸ்டினாவிடம் சொன்னான். "ஐயோ தங்கம், உன் மேல தப்பே இல்லடா" என்று அவள் அழுதாள். அன்றோடு, தொட்டால் பிள்ளைக்கு எங்கே வலிக்குமோ என்று பயந்து, தொடுவதையே நிறுத்திவிட்டாள். காப்பியைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அம்மாவுக்கும் தன்மேல் அருவருப்பு வந்துவிட்டது என்றே அவன் நினைத்தான். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் விரல் தட்டைத் தாண்டித் தன்னைத் தொட வருமா என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவான்.

பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். முதல் பரீட்சையன்று கிறிஸ்டினா தள்ளி நின்று, காற்றில் சிலுவை வரைந்தாள். "ஆண்டவர் கூட இருப்பாரு. போயிட்டு வாப்பா."

படியிறங்கியவன் திரும்பி வந்தான்.

"அம்மா, அது என் மேல படல."

குனிந்து, கண்களை மூடி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.