இலாரியோவின் கழுத்தட்டை

இலாரியோ பெனாவிதெஸ் தன் காலில் போட்டிருந்த செருப்பைப் பார்த்து முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. காலில் ஒரு குறையும் இல்லை. கழுத்தில் அட்டை இருந்தது.

மாட்ரிட்டில் கோர்ட்டு, வழக்கு என்று பிழைக்கிற எல்லார் கழுத்திலும் அது உண்டு. கோலீயா என்று பெயர். தாம்பாளம் மாதிரி அகலமான அட்டை. அதற்குக் கறுப்புத் துணி சுற்றி, மேலே கஞ்சி போட்ட வெள்ளைத் துணியைக் குத்தி, மோவாய்க்குக் கீழே மாட்டிக்கொள்வார்கள். மாட்டினால் தலை முன்னேயும் சாயாது, பக்கத்திலும் சாயாது. பார்க்கிறவர்களுக்கு மனுஷன் பெரிய யோக்கியனாகத் தெரிவான். சாப்பிடும்போது மட்டும் கரண்டியை உத்தேசமாகத்தான் தூக்க வேண்டும். இலாரியோ உட்கார்ந்து எழுந்த இடத்தில் நாலு கொண்டைக்கடலையாவது கிடக்கும்.

பலென்சியா பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். வந்த அன்றே ஒரு வக்கீலிடம் நகல் எழுதச் சேர்ந்தார், அன்றே அட்டையையும் மாட்டினார். நெஞ்சு உயரத்துக்குச் சாய்வு மேசை போட்டு, நிமிர்ந்த தலையோடு அடுத்தவன் சண்டையை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி எழுதிக் கண் கெட்டது. நாலடிக்கு அப்பால் எல்லாம் புகைமூட்டம். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. அப்படியே ஐம்பது வயது ஆகிவிட்டது.

சனிக்கிழமை தோறும் அட்டைத் துணியை உர்சுலாவிடம் கொடுப்பார். உர்சுலா எங்கள் தெரு சலவைக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவள். மாட்ரிட்டிலேயே அவள் போடுகிற கஞ்சிதான் கஞ்சி. ஆள் குள்ளம், இலாரியோவின் நெஞ்சுக்குத்தான் வருவாள். தூரத்தில் நின்றால் அவருக்கு அவள் புகை. கிட்டே வந்தால் அட்டை மறைக்கும், உச்சிக்கொண்டை மட்டும் தெரியும். இப்படிப் பதினோரு வருஷம். அந்தக் குரலுக்காகவே அவர் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது தெருவுக்கே தெரியும். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. என்ன மனுஷரோ!

ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டார். "உர்சுலாம்மா, நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"யாரைக் கேக்குறீங்க?" என்றாள் உர்சுலா. "என் பின்னாடி காயப்போட்ட சட்டையையா?"

"உங்களைத்தான்."

"பதினோரு வருஷமா அந்தச் சட்டைகிட்டதான் பேசிட்டிருக்கீங்க தொன் இலாரியோ. என்னைக்காவது என் முகத்தப் பார்த்திருக்கீங்களா? விக் கடை எத்தியேனும் கேட்டிருக்காரு. அவரு குனிஞ்சு, கண்ணப் பார்த்துக் கேட்டாரு. நாளைக்கு பூசை முடிஞ்சதும் அவருக்குப் பதில் சொல்றதா இருக்கேன்."

எத்தியேன் பிரான்சில் லியோன் ஊர்க்காரர். புது ராஜா பிரான்சிலிருந்து வந்தபோது அவர் பின்னாலேயே தையல்காரரும் விக்காரரும் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். இடுப்பைப் பிடித்த கோட்டு, தொளதொளவென்று தொங்குகிற கழுத்துத்துணி, தோளில் புரளும் பொய்முடி. முதலில் அரண்மனைப் பிள்ளைகள் போட்டார்கள், பிறகு தளபதிகள், அப்புறம் நாவிதர்கள். போன வருஷம் கோயிலில் மணி அடிக்கிறவரே போட்டுக்கொண்டு வந்தார். வக்கீல் கூட்டம் மட்டும் அசையவில்லை. உர்சுலாவுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. கழுத்தில் எது தொங்கினாலும் அழுக்காகத்தானே செய்யும் என்பாள்.

இலாரியோ நேரே வக்கீலிடம் போய் அட்டையைக் கழற்ற அனுமதி கேட்டார். "வேலை நேரத்துல அட்டை இருக்கணும். ஞாயித்துக்கிழமை உம்ம கழுத்து உம்ம பாடு," என்றார் வக்கீல்.

அட்டை இல்லாவிட்டால் பிரெஞ்சு உடுப்புதான். அதற்கு எங்கள் தெருவில் இருந்தது ஒரே கடை. போட்டிக்காரன் கடையாயிற்றே என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை. எத்தியேனும் வந்தவரை விரட்டுகிற ஆள் இல்லை. யாரோ ஒரு தளபதி திருப்பி எடுக்காமல் விட்ட நீலக் கோட்டை மாட்டி, பொத்தானை இழுத்துப் போட்டார். அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். கழுத்துத்துணியைச் சுற்றி, தலையில் விக்கைக் கவிழ்த்தார்.

"எங்க, ஒரு பெண் முன்னாடி நிக்கிற மாதிரி தலையைக் குனிங்க பார்ப்போம்."

இலாரியோ குனிந்தார். தலை அப்படியே இருந்தது.

"குனிங்க முசியே."

"குனிஞ்சுட்டுத்தான் இருக்கேன்."

எத்தியேன் பின்னங்கழுத்தில் கைவைத்து அழுத்தினார். எண்ணெய் காணாத கதவுக்கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. "அடக் கடவுளே, இது கழுத்தா தூணா?" என்றவர், சட்டென்று முகம் மலர்ந்து, "ஒண்ணும் மோசமில்ல, உடுப்பு உங்களுக்குப் பிரமாதமா இருக்கு, தைரியமாப் போங்க," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அன்று இரவு இலாரியோ தூங்கவே இல்லை. அட்டை போன பிறகும் கழுத்து வளையவில்லையே என்று நினைத்து நினைத்துப் புரண்டுகொண்டே இருந்தார். இத்தனை வருஷம் அட்டைமேல் போட்ட பழியை இனி யார்மேல் போடுவார்? விடிந்தால் அவள் வேறொருவனுக்குச் சரி சொல்லிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நீலக் கோட்டோடு தெருவில் நடந்தார். பிச்சைக்காரன் ஒருவன் "தளபதியாரே" என்று கையேந்தினான். துவைகல்லில் உட்கார்ந்திருந்த பெண்கள், "யாரடி இது? கல்யாண மாப்பிள்ளையா, தேர் அலங்காரமா?" என்று கத்தினார்கள். "ஐயோ, நம்ம இலாரியோடீ! அட்டைய எந்த நாய் தின்னுச்சு?" என்றாள் இன்னொருத்தி. அவர் காதில் எதுவும் விழவில்லை. உர்சுலாவின் முற்றத்துக்குப் போய், அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார். கொண்டை தெரிந்தது.

கழுத்தை வளைக்கப் பார்த்தார். நடக்கவில்லை. சரி, இடுப்பை வளைக்கலாம் என்றால், தளபதியின் கோட்டு மூச்சு விடவே சம்மதிக்கவில்லை. கழுத்தை ஸ்பெயின் பிடித்துக்கொண்டது, இடுப்பை பிரான்ஸ் பிடித்துக்கொண்டது. மிச்சம் இருந்தது முழங்கால்தான்.

எங்கள் ஊரில் கடவுளுக்கும் ராஜாவுக்கும்தான் மண்டியிடுவோம். சலவைக்காரி முன்னால், அதுவும் கஞ்சித்தண்ணி தேங்கின கல்லில், அதுவும் ஊரே பார்க்க, எவனும் மண்டியிட மாட்டான். இலாரியோ மண்டியிட்டார். பட்டுக் காலுறை நனைந்தது. பின்னாலேயே வந்திருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது இரண்டு முகமும் ஒரே உயரத்தில், ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. அந்தத் தூரத்தில் அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். பார்த்தார். உர்சுலாவின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும், பழைய தீப்புண் தழும்பு பளபளவென்று இறங்கியிருந்தது.

"இது எப்ப ஆச்சு?"

"எட்டு வருஷம் ஆச்சு."

"எப்படி?"

உர்சுலா இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தாள். "கொதிக்கிற கஞ்சி மேல தெறிச்சுச்சு. புனித வாரத்துக்கு முந்தின நாளு. அவசரம்னு சொல்லிக் குடுத்தீங்களே, அந்தத் துணிக்கு."

இலாரியோவுக்கு அந்தத் துணி ஞாபகம் இருந்தது. மறுநாள் காலையில் அதை வாங்கிப் போய்க் கட்டிக்கொண்டதும், கஞ்சி நல்ல விறைப்பு என்று அவளிடமே புகழ்ந்ததும் ஞாபகம் இருந்தது. அப்போது அவள் முகத்தில் ஈரத்துணி சுற்றியிருந்திருக்கும். அவர் கொண்டையைப் பார்த்துப் புகழ்ந்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"வலிச்சுதா?" என்றார்.

"பின்ன, இல்லாம?" என்று சொல்ல வந்தவள், சொல்லவில்லை. எட்டு வருஷத்தில் அதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. எத்தியேனும் கண்ணைப் பார்த்தாரே தவிர, இதைக் கேட்கவில்லை. பூசை முடிகிற மணி அடித்து ஓய்ந்தது. விக் கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"ரொம்ப வலிச்சுதுங்க," என்றாள் உர்சுலா. பிறகு, அவர் நேற்று அந்தச் சட்டையைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு, "பண்ணிக்கலாம்," என்றாள்.